ஒரு சைக்கிள் சீட்டைத் தேடி

36 வருஷம் உட்கார்ந்தே சம்பளம் வாங்கியவன் நான். அதனால் உட்காருவதைப் பற்றி எழுத எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்கிறது. இந்த முறை எழுதப்போவது சைக்கிள் சீட்டைப் பற்றி. நடுவில் சற்றுக் கூச்சமான சங்கதிகளும் வரும். படிக்கிறவர்களில் பாதிப் பேர் என் வயதுக்காரர்கள் என்பதால்தான் அவற்றை விடாமல் எழுதுகிறேன்.

முதலில் சைக்கிள் வந்த கதை. என் பேரன் இரண்டு வருஷத்துக்கு முன் மேற்படிப்புக்காகக் கனடா போனான். போகும்போது அவனுடைய ரோடு பைக் என்கிற ரேஸ் சைக்கிள் எங்கள் ராயபுரம் வீட்டு மாடிப்படி அடியில் நின்றுவிட்டது. வளைந்த ஹேண்டில்பார், ஒல்லி டயர், தராசில் வைத்தால் 10 கிலோ தேறாத உடம்பு. "வித்துடலாம்பா, இடத்தை அடைக்குது" என்றான் மகன். ஓஎல்எக்ஸில் போட போட்டோ கூட எடுத்துவிட்டான்.

அந்தச் சமயத்தில் எனக்குக் குதிகால் வாதம். காலையில் கட்டிலை விட்டு இறங்கினால் முதல் நாலு அடி முள்ளில் நடப்பது போல இருக்கும். 20 வருஷமாக நடந்து நடந்து கட்டுக்குள் வைத்திருந்த சர்க்கரை, நடை நின்றதும் ஏறிவிட்டது. மூன்று மாதச் சராசரி 8.1. டாக்டர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, குதிகால் தரையில் படாத ஏதாவது பயிற்சி செய்யுங்கள் என்றார். நீச்சல் எனக்குத் தெரியாது. கடலோரத்தில் பிறந்து கடலோரத்திலேயே வாழ்ந்தும் தெரியாது. ஆனால் சைக்கிள் தெரியும்.

நான் பிறந்தது புதுச்சேரியில். படிப்பு பிரெஞ்சு வழி. என் அப்பாவிடம் ஒரு பழைய பெஜோ சைக்கிள் இருந்தது. அதன் தோல் சீட்டின் பக்கவாட்டில் 'இடேயால்' என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பெயர் அச்சுப் பதித்திருக்கும். தேய்ந்து தேய்ந்து பலாக்கொட்டை நிறத்தில் பளபளக்கும். அதில் நான் உட்கார்ந்தது குறைவு. கால் எட்டாததால் பாருக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல்தான் போட்டேன். பிரெஞ்சில் சைக்கிளுக்குச் செல்லப் பெயர் 'லா பெத்தித் ரென்', அதாவது சின்ன ராணி. சீட்டுக்குப் பெயர் 'செல்'. குதிரைச் சேணத்துக்கும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. ஒன்பது வயதில் வயிற்றுக்கடுப்பு வந்து என்னை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். பிரெஞ்சு டாக்டர் என் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு "ஏ லே செல்?" என்று கேட்டார். நான் மரியாதையாக, "எங்க அப்பா சைக்கிளில் ஒன்று இருக்கிறது, தோலில் செய்தது" என்று பிரெஞ்சில் பதில் சொன்னேன். அவர் கேட்டது மலம் எப்படிப் போகிறது என்று. அந்த டாக்டர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

பிழைப்புக்குச் சென்னை வந்து, 1974-ல் ராஜாஜி சாலையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அப்போது அரசாங்கத்தில் சைக்கிள் அட்வான்ஸ் என்று ஒன்று உண்டு. விண்ணப்பம் எழுதி, ஜாமீன் கையெழுத்து வாங்கிக் கொடுத்தால் பணம் தருவார்கள்; மாதா மாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பணத்தில் ஒரு ஹெர்குலிஸ் வாங்கினேன். அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொழிற்சாலையில் செய்தது. முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து 1949-ல் தொடங்கியது அந்த நிறுவனம். அந்த ஹெர்குலிஸில் 20 வருஷத்துக்கு மேல் ஆபீஸ் போய் வந்தேன். ஒரு நாள் கூட சீட் வலித்ததாக நினைவில்லை.

ஆகவே பேரனின் சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்து ஏறியபோது எனக்குப் பயம் எதுவும் இல்லை. அதிகாலை 5 மணிக்குக் கல்மண்டபத்தில் கிளம்பி, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைத் தாண்டி, கடலை வலது கைப்பக்கம் வைத்துக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலையில் திருவொற்றியூர் வரை போய்த் திரும்புவேன். அந்த நேரத்தில் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் தூங்கிக்கொண்டிருக்கும். மூன்று மாதத்தில் சர்க்கரை 6.9-க்கு இறங்கியது. மருமகள் போட்டோவை ஓஎல்எக்ஸிலிருந்து எடுத்துவிட்டாள்.

ஆனால் சர்க்கரை இறங்க இறங்க வேறொன்று ஏறியது. முதலில் வலி. எல்லோருக்கும் வருவதுதான், பழகிவிடும் என்று பேரன் வீடியோவில் சொன்னான். வலி ஓரளவு பழகியது. அதற்குப் பிறகு வந்ததுதான் தொந்தரவு. அரை மணி நேரம் ஓட்டினால் இரண்டு காலுக்கும் நடுவே மரத்துப்போகும். சைக்கிளை விட்டு இறங்கி நடந்தாலும் உணர்ச்சி திரும்ப இன்னொரு அரை மணி ஆகும். அங்கே ஒன்றுமே இல்லாதது போல இருக்கும். சிறுநீர் கழிக்கும்போது கூட வருவது தெரியாது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

அப்போது எனக்கு அலுவலக நண்பர் ஒருவரின் நினைவு வந்தது. 11 வருஷம் எனக்குப் பக்கத்து மேஜை. ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போதே அவருக்குச் சிறுநீர் சரியாகப் போகவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை, பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் குடிக்க மறுப்பார். எங்களுக்கு அது சிக்கனமாகத் தெரிந்தது. கடைசியில் இடுப்பு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் போயிருந்தது. ஒரு வருஷம் கூட இல்லை. அவருக்கும் சைக்கிளுக்கும் சம்பந்தம் கிடையாது. மனிதர் வாழ்நாள் முழுக்க பஸ்தான். ஆனால் காசிமேட்டில் இறங்கி நின்று, மரத்துப்போன உடம்போடு கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அவர் முகம்தான் எனக்குத் தெரிந்தது. அன்று சாயங்காலமே பழைய வண்ணாரப்பேட்டையில் சிறுநீரக டாக்டர் ஒருவரிடம் போய்விட்டேன்.

டாக்டருக்கு என் மகன் வயது கூட இருக்காது. அவர் கூச்சப்படவில்லை என்பதால் எனக்கும் கூச்சம் போய்விட்டது. ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவே உள்ள இடத்தின் வழியாகத்தான் அந்தப் பகுதிக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றனவாம். நாம் உட்காருவதற்கென்று இடுப்பெலும்பின் அடியில் இரண்டு முண்டுகள் இருக்கின்றன. பாரம் அந்த முண்டுகளின் மேல் விழுந்தால் ஒன்றும் ஆகாது. நடுவில் விழுந்தால் நரம்பு நசுங்கும். "மரத்துப் போறது உடம்பு அடிக்கிற மணி சார். சீட்டை மாத்துங்க. முடியலைன்னா சைக்கிளை விட்டுடுங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து சொல்லுங்க" என்றார். பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே சைக்கிள் ஏறக்கூடாது, சீட்டின் அழுத்தத்தில் அந்த அளவு கொஞ்சம் ஏறிக் காட்டலாம் என்றார். இது தெரியாமல் சைக்கிளிலேயே லேபுக்குப் போகிறவர்கள் இருப்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு ரிசல்ட் வயதுக்குத் தகுந்த அளவில் இருந்தது.

ஆக, ஒரு மாதக் கெடு. சைக்கிளை விட்டால் சர்க்கரை, விடாவிட்டால் நரம்பு.

முதலில் கல்மண்டபத்திலேயே ஒரு கடையில் ஜெல் கவர் வாங்கினேன். அல்வாத் துண்டு மாதிரி அமுங்கும். முதல் பத்து நிமிஷம் சொர்க்கம். பிறகு முன்னைவிட அதிகமாக மரத்தது. காரணம் பிறகுதான் புரிந்தது. மெத்தென்று இருந்தால் எலும்பு முண்டுகள் இரண்டும் அதில் புதைந்துவிடும். புதைந்ததும் நடுவில் இருக்கும் பஞ்சு மேலே பிதுங்கி, படக்கூடாத இடத்தில்தான் வந்து முட்டும். மெத்தை எவ்வளவு மெத்தென்றோ அவ்வளவு ஆபத்து.

அடுத்து ரத்தன் பஜார். பாரிமுனையிலிருந்து சென்ட்ரல் போகிற வழியில் சைக்கிள் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். அங்கே அடியில் ஸ்பிரிங் வைத்த அகல சீட் ஒன்று, ஒரு சின்ன முறம் அளவுக்கு இருந்தது, வாங்கிக்கொண்டு தண்டையார்பேட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பையனிடம் போனேன். அவன் சீட்டைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இன்னா சார், ரேஸ் சைக்கிளுக்கு சோபா செட்டு மாட்டச் சொல்ற?" என்றான். மாட்டினான். அவன் சொன்னது சரிதான். குனிந்து ஓட்டும்போது முறத்தின் ஓரம் இரண்டு தொடையையும் உராய்ந்தது. எர்ணாவூர் போவதற்குள் தோல் சிவந்துவிட்டது.

அப்புறம்தான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. ஹெர்குலிஸில் 20 வருஷம் ஏன் வலிக்கவில்லை? அதைக் கேட்க எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். தெருக்கோடி வீடு. திருவொற்றியூர் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைவிட மூன்று வயது பெரியவர். இன்னமும் கறுப்பு ஹெர்குலிஸில்தான் மார்க்கெட் போகிறார். அவரை நான் அண்ணே என்பேன். அவர் என்னைக் கிளார்க்கு என்பார்.

"இன்னா கிளார்க்கு, உன்னுது படுத்துக்கினு ஓட்டுற வண்டி. என்னுது குந்திக்கினு ஓட்டுற வண்டி. ரெண்டுக்கும் ஒரே சீட்டு எப்பிடி ஆவும்?" என்றார்.

புத்தகங்களில் பத்துப் பக்கத்தில் சொல்வதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். ஹெர்குலிஸில் முதுகு நிமிர்ந்திருக்கும். உடம்பின் பாரம் முழுக்கப் பின்பக்கம், இரண்டு முண்டுகளின் மேல். அதனால் சீட் அகலமாக, ஸ்பிரிங்கோடு இருக்கிறது. ரேஸ் சைக்கிளில் முதுகு குனிகிறது. பாரத்தில் ஒரு பங்கு கைக்குப் போகிறது. இடுப்பு முன்பக்கம் சாய்கிறது. தொடை உராயாமல் இருக்க சீட் ஒல்லியாகிறது. சாய்ந்த இடுப்பு சீட்டின் மூக்கின் மேல் நடுப்பகுதியை வைத்து அழுத்துகிறது. 20 வயதுக்காரன் வேகமாக மிதிக்கும்போது காலே பாதிப் பாரத்தைத் தூக்கிவிடும். நான் மிதிக்கும் அழகுக்கு எல்லாப் பாரமும் சீட்டில்தான்.

அண்ணனோடு பேசினால் பழைய கதை வராமல் இருக்காது. 70-களில் ஷிஃப்ட் சங்கு ஊதினால் திருவொற்றியூர் நெடுஞ்சாலை முழுக்க சைக்கிள்தான். விம்கோ, எம்.ஆர்.எஃப்., என்ஃபீல்டு, அந்தப் பக்கம் எண்ணூரில் அசோக் லேலண்ட், பவுண்டரி வேலைக்காரர்கள் என்று ஆயிரக்கணக்கில் வருவார்கள். பஸ்காரன் ஹாரன் அடித்தாலும் விலக இடம் இருக்காது. டிபன் கேரியர் ஹேண்டில்பாரில், குடை பாரில். வெயிலில் நின்ற சைக்கிளின் ரெக்சின் சீட்டில் உட்கார்ந்தால் சுட்டுவிடும் என்று ஈரத்துணி போட்டுத் துடைப்பார்கள். "வலியெல்லாம் இல்லேன்னு சொல்லாத. மூலம் வராதவன் எவன்? சொல்லிக்க மாட்டான், அவ்ளோதான்" என்றார் அண்ணன். எங்கள் தலைமுறையின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பெருமை பேசுகிறவர்களுக்கு அவரைத்தான் அனுப்பவேண்டும்.

என்ஃபீல்டு என்றதும் ஒன்று சொல்லவேண்டும். திருவொற்றியூரில் 1955 முதல் புல்லட் செய்த அந்தக் கம்பெனியின் மூலம், இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர். அங்கே முதலில் செய்தது சைக்கிள்தான். மோட்டார் சைக்கிள் 1901-ல்தான் வந்தது. பழைய புல்லட்டின் ஒற்றை சீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங்கோடு அது பெரிதாக வளர்ந்த சைக்கிள் சீட்டேதான்.

சைக்கிள் சீட் என்றாலே உலகம் முழுக்கச் சொல்லும் பெயர் புரூக்ஸ். ஜான் போல்ட்பீ புரூக்ஸ் என்பவர் 1866-ல் பர்மிங்ஹாமில் குதிரைச் சேணம், கடிவாளம் செய்யும் தொழில் தொடங்கினார். 1878-ல் அவருடைய குதிரை செத்துப்போனது. புதுக் குதிரை வாங்க வசதியில்லாமல் வேலைக்குப் போக ஒரு சைக்கிளை இரவல் வாங்கினார் என்றும், அதன் சீட் படுத்திய பாட்டில்தான் நல்ல சீட் செய்யக் கிளம்பினார் என்றும் அந்தக் கம்பெனியே சொல்லிக்கொள்கிறது. 1882-ல் முதல் காப்புரிமை. அவர்களுடைய பி-17 என்ற தோல் சீட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்தது, இன்றும் விற்கிறது. அதில் பஞ்சு கிடையாது. தடித்த மாட்டுத் தோலை முன்னும் பின்னும் இரும்பில் இழுத்துக் கட்டியிருப்பார்கள், தூளி மாதிரி. சில நூறு கிலோமீட்டர் ஓட்டினால் ஓட்டுகிறவரின் எலும்புக்குத் தகுந்தபடி தோல் குழிந்துகொடுக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு ஆபீஸ் நாற்காலி ஞாபகம் வந்தது. பிரம்பு பின்னிய மர நாற்காலி. அதிலும் பஞ்சு கிடையாது. பின்னல் தொய்ந்துபோனால் பார்வையற்றவர்கள் வந்து உட்கார்ந்து, விரலாலேயே கண் பார்த்து, புதிதாகப் பின்னித் தருவார்கள். எட்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் வேர்க்காது, வலிக்காது. 90-களில் அவற்றை எடுத்துவிட்டு குஷன் வைத்த சுழல் நாற்காலி போட்டார்கள். எங்கள் செக்‌ஷனில் பாதிப் பேருக்கு முதுகு வலி வந்தது அதற்கப்புறம்தான். அரசாங்கம் அதற்கு ஒரு கோப்பு திறந்திருக்கலாம்.

புரூக்ஸ் வாங்க எனக்கு ஆசை வந்தது. தோலுக்கு நமக்கென்ன குறை? ஆவாரம் பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் ஒரு காலத்தில் லண்டன் சந்தை வரை போனது. இன்றும் பெரியமேட்டில் நுழைந்தால் மூக்கே வழி சொல்லும். ஆனால் அந்த சீட்டின் விலை என் பென்ஷனில் ஒரு நல்ல துண்டு. தவிர, நனைந்தால் தோல் தொய்ந்துவிடும். காசிமேட்டுக் கடல் காற்றும், ஐப்பசி மழையும், என் வேர்வையும் சேர்ந்தால் பர்மிங்ஹாம் தோல் என்ன ஆகும் என்று யோசித்து அந்த ஆசையை விட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் பேரன் உதவிக்கு வந்தான். அவன் 200 கிலோமீட்டர், 300 கிலோமீட்டர் என்று நீண்ட தூர ஓட்டங்களுக்குப் போகிறவன். போட்டி கிடையாது, குறித்த நேரத்தில் முடிக்கவேண்டும், அவ்வளவுதான். 200-க்குப் பதிமூன்றரை மணி நேரம். அதற்கு அவர்கள் 'பிரெவே' என்கிறார்கள். பாரிஸ் கழகம் ஒன்று உலகம் முழுக்க நடத்துவது. அதில் தேறியவர்கள்தான் நாலு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் 1200 கிலோமீட்டர் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்துக்குப் போகமுடியும். பேரன் முதன்முதலில் "தாத்தா, நான் பிரெவே முடிச்சுட்டேன்" என்றபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. புதுச்சேரியில் நான் எழுதிய பரீட்சைக்கும் அதே பெயர்தான். இன்னும் வேடிக்கை, அதன் முழுப் பெயரில் 'முதல் சைக்கிள்' என்று வரும். அங்கே சைக்கிள் என்றால் படிப்பின் ஒரு கட்டம். குரங்குப் பெடல் போட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது தினசரி நகைச்சுவை.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் ஒருவர் தூர் த பிரான்ஸ் பந்தயப் பைத்தியம். வகுப்பில் இலக்கணம் பாதி, பந்தயம் பாதி. லூயிசோன் போபே என்ற வீரர் 1953, 54, 55 என்று மூன்று வருஷம் தொடர்ந்து ஜெயித்தவர். மூன்றாவது முறை சீட் உராய்ந்து வந்த கட்டிகளோடே ஓட்டி முடித்தார், பிறகு அறுவைச் சிகிச்சை செய்யவேண்டி வந்தது என்று வாத்தியார் கண் கலங்கச் சொல்வார். அப்போது எங்களுக்கு அது வீரம். எழுபதைத் தாண்டி யோசித்தால், மனிதர் எவ்வளவு அவஸ்தைப்பட்டிருப்பார் என்றுதான் தோன்றுகிறது.

சரி, பேரன் சொன்ன வழிக்கு வருகிறேன். "தாத்தா, முதல்ல உங்க எலும்பை அளங்க" என்றான். அதற்கு வேண்டியது ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே அலை அலையாக மடிப்பு வைத்த அட்டை. அதைக் கெட்டியான மர ஸ்டூலின் மேல் வைத்து, மெல்லிய வேட்டியோடு உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால் குனிந்து, பாதத்தைத் தரையிலிருந்து லேசாகத் தூக்கவேண்டும். ஒரு நிமிஷம் கழித்து எழுந்தால் அட்டையில் இரண்டு குழி தெரியும். சாக்பீஸைப் படுக்கையாகத் தேய்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். குழியின் நடுவிலிருந்து நடுவுக்கு அளக்கவேண்டும்.

நான் அட்டைப்பெட்டி மேல் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரி உள்ளே வந்தாள். "என்ன, முட்டை வைக்கிறீங்களா?" என்றாள். நீயும் உட்கார்ந்து பார், பெண்களுக்கு இந்த எலும்புகள் பொதுவாக இன்னும் கொஞ்சம் அகன்றிருக்குமாம் என்றேன். முறைத்துவிட்டுப் போனாள். அன்று இரவுதான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டரிடம் போனது உட்பட. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை மூணு மாசமா வயித்துல வச்சிக்கிட்டா இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

எனக்கு 12.5 செ.மீ. வந்தது. எலும்பு சீட்டின் ஓரத்தில் வழுக்காமல் மேலே முழுசாக உட்காரவேண்டும் என்றால் அதோடு இரண்டு, இரண்டரை செ.மீ. கூட்டவேண்டும், நிமிர்ந்து ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம். பேரனின் சீட் 13 செ.மீ.தான். அதாவது என் எலும்புகள் இரண்டும் சீட்டின் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தன. பாரம் நடுவில் இறங்கியது. அவன் இடுப்புக்கு அது சரி. என் இடுப்பு வேறு.

அமெரிக்காவில் சைக்கிளில் ரோந்து போகும் போலீஸ்காரர்களுக்கு இதே மரத்துப்போகும் தொல்லை இருந்ததால் அரசாங்க ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று மூக்கே இல்லாத சீட்டைக் கொடுத்துப் பார்த்தது. 90 பேர், ஆறு மாதம். 2008-ல் முடிவு வெளியானது. முன்பு மரத்துப்போகவே இல்லை என்று சொன்னவர்கள் 27 சதவீதம். ஆறு மாதத்துக்குப் பிறகு 82 சதவீதம். மூக்கில்லாத சீட்டில் உட்கார்ந்து வளைவில் திரும்ப எனக்குத் தைரியம் இல்லை. மூக்கு குட்டையாக, நடுவில் நீளப் பள்ளம் விட்ட சீட்டுகள் வருகின்றன. 155 மி.மீ. அகலத்தில் அப்படி ஒன்றை அண்ணா நகர்ப் பக்கம் ஒரு கடையில் வாங்கினேன். கையால் அழுத்தினால் கட்டை மாதிரி இருந்தது. கடைப்பையனே, "அங்கிள், சாஃப்டா வேற காட்டட்டுமா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன்.

சீட்டை மாட்டுவதில்தான் பாதி வித்தை. எங்கள் தெருவில் வேலை செய்த கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அரை மணிக்கு இரவல் வாங்கினேன். சீட்டின் மேல் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்கவேண்டும். மூக்கு மேலே தூக்கியிருந்தால் நரம்பில் முட்டும். கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரம் எல்லாம் மணிக்கட்டுக்கு வரும். உயரத்துக்கு: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். சீட் ரொம்ப உயரமென்றால் ஒவ்வொரு மிதிக்கும் இடுப்பு இப்படியும் அப்படியும் ஆடி அரைக்கும். பெடல் முன்பக்கம் இருக்கும்போது முட்டியிலிருந்து தூக்குக்குண்டை விட்டால் அது ஏறக்குறைய பெடலின் அச்சுக்கு நேரே தொங்கவேண்டும். மெக்கானிக் பையன் ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மைக் கழற்றித் தலைகீழாகத் திருப்பி மாட்டினான். ஹேண்டில் மூன்று விரல்கடை உயர்ந்தது. "இப்போ பாதி ரேசு, பாதி ஹெர்குலிஸு" என்றான். கூலி 50 ரூபாய் வாங்கிக்கொண்டான்.

உடுப்பு ஒன்று பாக்கி. உள்ளே திண்டு வைத்துத் தைத்த இறுக்கமான அரைக்கால் சட்டை. அந்தத் திண்டு இப்போது பஞ்சு. அந்தக் காலத்தில் நிஜமாகவே ஷாமுவா ஆட்டின் தோல். உள்ளே ஜட்டி போடக்கூடாது, அதன் தையல்தான் உராயும். இந்த வயதில் அதை மட்டும் போட்டுக்கொண்டு ராயபுரம் தெருவில் நடக்க எனக்கு முடியாது; மேலே ஒரு பழைய காற்சட்டையைப் போட்டுக்கொள்கிறேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை பெடலில் எழுந்து நின்று அரை நிமிஷம் ஓட்டுகிறேன், ரத்தம் ஓடுவதற்கு. அந்த நேரத்துக்கு வேகத்தடைகள் நன்றாக உதவுகின்றன. எங்கள் பக்கம் அவற்றுக்குப் பஞ்சம் இல்லை.

முதல் வாரம் எலும்பு இரண்டும் வலித்தன. வலித்த இடம் சரியான இடம் என்பதால் எனக்கு அது சந்தோஷமாகவே இருந்தது. இரண்டாவது வாரம் வலி போனது. மூன்றாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் குறைவாக இருக்குமென்று இன்னும் தூரம் போய்ப் பார்த்தேன். எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் நெட்டுக்குப்பம் வரை. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். அந்தப் பக்கம் அனல் மின் நிலையப் புகைபோக்கிகள், இந்தப் பக்கம் வலை காயப்போட்டிருக்கிறார்கள். 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து இந்த ஆற்றை மூடியது நினைவிருக்கும். கரைக் கல்லில் அந்தக் கறுப்பு இன்னும் அங்கங்கே ஒட்டியிருப்பது போல எனக்குத் தோன்றியது. சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தேன். மரத்துப்போகவில்லை. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்து பார்த்தேன். எல்லாம் அததன் இடத்தில் இருந்தது. டீக்கடை அம்மா, "இன்னா நைனா, தானா சிரிக்கிற" என்று கேட்டு டீயைக் கையில் கொடுத்தாள்.

டாக்டரிடம் ஒரு மாதம் முடிந்து போனேன். ஓட்டலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வந்து காட்டுங்கள் என்றார். அட்டைப்பெட்டி அளவு விஷயத்தைச் சொன்னேன், சிரிக்காமல் குறித்துக்கொண்டார்.

பேரன் டிசம்பரில் லீவுக்கு வருகிறான். "தாத்தா, என் சீட் எங்கே?" என்று போனில் கேட்டான். பரணில் துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். சீட்டைத் தாங்கும் குழாயில் அவன் உயரத்துக்கு ஒன்று, என் உயரத்துக்கு ஒன்று என்று மருமகளின் நகப்பூச்சில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். ஆலன் கீ மேஜை டிராயரில் இருக்கிறது. அவன் மாற்றி ஓட்டிவிட்டு மறுபடி என்னுடையதை மாட்டித் தரட்டும். ரசமட்டம் மட்டும் கொத்தனாரிடம் கேட்கவேண்டும்.